செல்வம் விளைந்த நிலமும் நலம் விளைந்த நிலமும்

நாட்டுக்கு அணியென்று சொல்லத்தக்கவை ஐந்தனை எண்ண வந்த வள்ளுவர், மக்கள் நோயற்றிருத்தலை முதலிலும் பொருளுடைமையை அதன் பின்னும் வைத்தார். இவ்வைப்பு முறை தற்செயலாக நேர்ந்ததா, கருதியே வைக்கப்பட்டதா என்பது உரைகாரர்க்குரிய ஆராய்ச்சி. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலக நாடுகளைத் தரம் பிரிக்கப் புகுந்த பொருளியலாளர், இம்முறையைத் தலைகீழாக்கித் தனிமனித வருமானம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டனர். வருமானம் உயர்ந்தால் ஆயுளும் கல்வியும் தாமே பின்தொடரும் என்பது அவர் துணிபு. அத்துணிபுக்கு மாறாக அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்ட நாடுகளுள் இலங்கை முதன்மையானது. இலங்கையின் கதை வெளிநாட்டறிஞர் பலராற் புகழப்பட்டதே. எனினும் தீவு முழுவதற்குமான சராசரியை விடுத்து, அதன் நிலப்படத்தைப் பகுதி பகுதியாக விரித்து நோக்கின், அப்புகழுரைகளிற் பெரிதும் இடம்பெறாத வேறொரு கதையும் வெளிப்படும்.

நிலவியல்பே மக்களின் நிலையை வகுக்கின்றது என்னும் கொள்கை பழமையானது. அமெரிக்கப் புவியியலறிஞரான எல்ஸ்வேத் ஹன்ரிங்ரன், 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நாகரிகமும் காலநிலையும் பற்றிய நூலில், மிதமான குளிரும் மாறும் வானிலையும் உள்ள நாடுகளிலேயே மனிதனின் ஆற்றல் மிகுமென வாதித்தார். நாகரிக உயர்வு தாழ்வைக் காட்ட அவர் வரைந்த உலகப்படம், அறிஞர் பலரிடம் கருத்துக் கேட்டுத் தொகுத்ததாகும். கருத்துக் கூறியோருட் பெரும்பாலோர் எப்பகுதியைச் சேர்ந்தவரோ அப்பகுதியே அப்படத்தில் மிக உயர்ந்து விளங்கியதில் வியப்பில்லை. அவர் கூற்றின் இனச்சார்பைக் கழித்துவிட்டு, நோய், மண்வளம், கடல்வழி அண்மை என்பவற்றைக் கணக்கிட்டு, அயனமண்டல நாடுகளின் வறுமைக்கு நிலவியற் காரணங்கள் உண்டென ஜெஃப்ரி சாக்ஸ் முதலியோர் 1999ஆம் ஆண்டில் எழுதினர். அதற்கு எதிராக, நிலமன்று, குடியேற்ற ஆட்சியாளர் விட்டுச்சென்ற அரசியல், பொருளாதார அமைப்புக்களே செல்வத்தையும் வறுமையையும் வகுத்தன என்றனர் அசெமொக்லு, ஜோன்சன், றொபின்சன் ஆகிய மூவர். இவர்களுக்கே 2024ஆம் ஆண்டின் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்விரு சாராரும் வினவியது பெரும்பாலும் செல்வத்தைப் பற்றியேயாம். நலத்தைப் பற்றி வினவியோருள் சாமுவேல் பிறெஸ்ரன் குறிப்பிடத்தக்கவர். நாட்டு வருமானத்தையும் மக்களின் சராசரி ஆயுளையும் ஒப்பிட்டு 1975ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, வருமானம் உயர ஆயுளும் உயர்வதை ஒப்புக்கொண்டதோடு, அதே வருமானமுடைய நாடு 1930களில் அடைந்த ஆயுளினும் 1960களில் மிகக் கூடிய ஆயுளை அடைந்ததையும் காட்டிற்று. அக்கூடுதல் வருமானத்தால் வந்ததன்று. மருத்துவ அறிவு, சுகாதாரப் பணி, கல்வி என்பன ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவியதால் வந்தது. அவை எங்குச் சென்றன, எங்குச் செல்லாது நின்றன என்பதே இனி இலங்கையை வைத்து ஆராயற்பாலது.

இலங்கைத் தீவு சிறிதாயினும், அதன் இயற்கை மூவகைப்பட்டது. தென்மேற்கிலே மழை மிகுந்த ஈரவலயம். வடக்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கும் உலர்வலயம். நடுவே ஓங்கிய மலைநாடு. பண்டைக்காலத்தில் அநுராதபுரமும் பொலன்னறுவையும் தலைநகராய் விளங்கியபோது உலர்வலயமே நாட்டின் நெற்களஞ்சியமாயிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பின் குளங்கள் உடைந்து, மக்கள் தென்மேற்கு நோக்கிப் பெயர்ந்தனர். மலேரியாவினாற் குளநாகரிகம் அழிந்ததா, குளங்கள் பாழானமையால் மலேரியா பெருகிற்றா என்பது இன்றும் முடிவுபெறாத வழக்கு. எவ்வாறாயினும், பிரித்தானியர் காலத்தில் வன்னியும் வடமத்திய மாகாணமும் காய்ச்சலுக்குப் பெயர்பெற்ற, மக்கள் அருகிய நாடுகளாயின.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு, வெயில்படும் தெளிந்த நீர்த்தேக்கங்களில், சிறப்பாக ஆற்று மணலிடையே தங்கும் குட்டைகளில், முட்டையிடுவது. ஆறுகள் இடையறாது ஓடும் ஈரவலயத்தில் அதன் புழுக்கள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஆதலால் அங்கு வாழ்ந்தோர் அந்நோயை அதிகம் அறிந்திலர். அறியாமையால் அதனை எதிர்க்கும் வன்மையையும் அவர்தம் உடல் பெற்றிலது. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவ்வாண்டின் இறுதியிலிருந்து சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களை நோய் கொண்டுசென்றது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களே மிகுதியும் பாதிக்கப்பட்டன. 1935ஆம் ஆண்டில் நாட்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 36ஐத் தாண்டிற்று. பிறந்த குழந்தைகளுள் நாலிலொரு பங்குக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் இறந்தன. உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பரும் தெங்கும் விலை வீழ்ந்து, கிராமத்து வீடுகளில் உணவு சுருங்கியிருந்த காலம் அது. பட்டினி கிடந்த உடலிற் காய்ச்சல் புகுந்தமையே இறப்பைப் பெருக்கியது எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் கருதினர்.

இக்கொள்ளைநோய் ஒரு திருப்புமுனையாயிற்று. அதற்குக் காரணம் நோயின் கொடுமை மட்டுமன்று. அதனினும் கொடிய நோய்களைக் கண்டும் அசையாத அரசுகள் உலகிற் பலவுண்டு. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931ஆம் ஆண்டில் இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் சருவசன வாக்குரிமை வழங்கப்பட்டது. கேகாலையிற் காய்ச்சலுற்றுக் கிடந்தவன் வாக்காளனாயிருந்தான். நிவாரணப் பணியாற்றச் சென்ற இளைஞர்களான கலாநிதி என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் 1935ஆம் ஆண்டின் இறுதியில் இடதுசாரிக் கட்சியொன்றை நிறுவியதும், அடுத்த ஆண்டுத் தேர்தலில் அரசாங்க சபைக்குத் தெரிவானதும் இக்காலப் பின்னணியிலேயே நிகழ்ந்தன. சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதிக்கு ஒரு சிறு மருத்துவமனை, ஒரு மருந்தகம், ஒரு பாடசாலை வேண்டுமெனப் போராடலாயினர். களுத்துறையில் 1926ஆம் ஆண்டில் றொக்கபெலர் நிறுவனத்தின் துணையோடு தொடங்கப்பெற்ற சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் விரிந்தது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள் கிராமந்தோறும் சென்றனர். பர்மாவிலிருந்து வந்த அரிசி 1942ஆம் ஆண்டில் நின்றபோது, பங்கீட்டு முறையும் கூட்டுறவுச் சங்கக் கடைகளும் எழுந்தன. உணவு குறைந்தபோதிலும் அது பகிரப்பட்டது. சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

இவ்வாறு நிலம் உழப்பட்டிருந்த வேளையிலேதான் டீ. டீ. ரீ. என்னும் மருந்து வந்தது. 1945ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வீட்டுச் சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு 20 ஆயிருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறக்குறைய 14 ஆயிற்று. பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கத்தக்க ஆயுள் 43 ஆண்டளவிலிருந்து 52 ஆண்டளவுக்கு ஒரே ஆண்டில் உயர்ந்தது. சிசு மரணம் ஆயிரத்துக்கு 141இலிருந்து 101ஆகக் குறைந்தது. இத்துணை விரைந்த மாற்றம் உலக வரலாற்றில் அரிது.

மருந்தே இதனைச் செய்தது என்று மேனாட்டார் பலர் முதலிற் கூறினர். ஆயின் இங்கேதான் நிலப்படம் சான்று பகர்கின்றது. மலேரியா மிகுந்த அநுராதபுரம் முதலிய மாவட்டங்களில் வீழ்ச்சி மிகப் பெரிதாயிருந்தது உண்மையே. ஆனால் மருந்து தெளிக்கப்படாத, மலேரியா அருகிய தென்மேற்கு மாவட்டங்களிலும் இறப்பு அக்காலத்திற் கணிசமாகக் குறைந்தது. தெளியாத இடத்திற் குறைந்ததற்கு மருந்து காரணமாகாது. இவ்வகை ஒப்பீட்டினால் வீழ்ச்சியில் நூற்றுக்கு 40க்குச் சற்று மேற்பட்ட பங்கை மலேரியா ஒழிப்புக்கு உரித்தாக்கினார் பீற்றர் நியூமன். 1974இல் அக்கணக்கை மீள ஆராய்ந்த றொனல்ட் கிறே, அப்பங்கு நாலிலொன்றுக்கும் சற்றுக் குறைவென்றார். எஸ். ஏ. மீகம என்னும் இலங்கை ஆராய்ச்சியாளர், உணவும் மருத்துவ சேவையும் பெருகியமையையே வற்புறுத்தினார். முடிந்த முடிவு எதுவாயினும், மருந்தொன்றே மக்களைக் காத்ததென்ற கூற்று நிலைபெறவில்லை. காப்பாற்றப்பட்டோருட் பெண்களின் நிலை தனியே நோக்கத்தக்கது. உலகின் பெரும்பாலான நாடுகளிற் பெண்களே ஆண்களினும் நெடிது வாழ்பவர். இலங்கையிலோ 1946ஆம் ஆண்டிற் பெண்ணின் ஆயுள் ஆணினும் ஏறத்தாழ ஈராண்டு குறைவு. மகப்பேற்று மரணம் அத்துணை மிகுந்திருந்தது. 1960களிலேயே பெண்ணின் ஆயுள் ஆணினும் மேலோங்கிற்று. பெண்கல்வியும் மருத்துவிச்சியும் சேர்ந்து செய்த மாற்றமென இதனைக் கொள்ளலாம்.

இதன் பின் இலங்கையின் பெயர் உலகெங்கும் பேசப்பட்டது. உலக வங்கியின் கணக்குப்படி 1976ஆம் ஆண்டில் இலங்கையில் தனிமனித வருமானம் ஏறக்குறைய 200 அமெரிக்க டொலர். சராசரி ஆயுளோ 68 ஆண்டளவு. அதே காலத்தில் இலங்கையினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வருமானமுடைய பிரேசிலின் ஆயுள் அதனினும் குறைந்திருந்தது. அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலும், றொக்கபெலர் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் இத்தாலியிற் கூட்டிய மாநாட்டிலும், ஜோன் கோல்ட்வெல் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், குறைந்த செலவிற் சிறந்த நலம் கண்ட நாடுகளாகக் கேரளம், கொஸ்தாரிக்கா என்பவற்றோடு இலங்கை எண்ணப்பட்டது. 1990ஆம் ஆண்டு முதல் ஐக்கிய நாடுகள் அமைப்பு வெளியிட்டுவரும் மனித அபிவிருத்தி அளவீட்டின் பின்னணியில் இத்தகைய நாடுகளின் அநுபவம் நின்றது. மறுத்தோரும் உண்டு. சுதந்திரம் பெறும்போதே இலங்கை முன்னணியில் நின்றதெனவும், 1960க்குப் பிந்திய முன்னேற்றம் அத்துணை வியத்தற்குரியதன்று எனவும் சுர்ஜித் பல்லா வாதித்தார். இவ்வாதம் ஒதுக்கத்தக்கதன்று. இலங்கையின் பேறு ஓர் அரசாங்கம் ஓராண்டிற் செய்ததன்று என்பதையே அது உணர்த்துகின்றது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே தமிழில் மருத்துவங் கற்பித்ததும், ஆறொன்றில்லாத சுண்ணாம்புக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்திலே மிசனரிமாரும் சைவப்பெருமக்களும் போட்டியிட்டுப் பாடசாலை நிறுவியதும் அந்நெடுங்கதையின் முற்பகுதிகளேயாம்.

புகழுரைகள் இவ்வளவில் நிற்பன. ஆனால் மருத்துவமனைக்கும் பாடசாலைக்கும் அரிசிக்கும் செலவிட்ட பணம் எங்கிருந்து வந்தது? 1950களில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கைத் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றுமே ஈட்டின. அவற்றுள்ளும் தேயிலையே தலையாயது. அரசிறையிற் பெரும் பகுதி அவ்வேற்றுமதி மீது விதித்த தீர்வையாகும். தேயிலை விளைந்தது மலைநாட்டில். விளைவித்தோர் தென்னிந்தியாவினின்று வந்த தமிழ்த் தொழிலாளர். இயற்கை அம்மலைநாட்டுக்குப் பெருங்கொடையொன்றை வழங்கியிருந்தது: உயர்ந்த மலைகளின் குளிரில் மலேரியா பரவுவதில்லை. நிலவியற் கொள்கையினர் கூற்றுப்படியும், பொருளியலாளர் கூற்றுப்படியும், தீவிலே நலம் முதலில் விளைந்திருக்க வேண்டிய இடம் அதுவே.

விளைந்ததோ மறுதலை. கோப்பிக் காலத்திலேயே, மன்னாரிற் கரையிறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்த தொழிலாளர் பலர் வாந்திபேதியினாலும் காய்ச்சலினாலும் வழியிலே மாண்டனர். தோட்டங்களின் மருத்துவ வசதிக்கென 1872ஆம் ஆண்டிலே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் நலம் தோட்டத்தின் பொறுப்பு, ஊராரின் நலம் அரசின் பொறுப்பு என்னும் பிரிவினை அன்றே வேர்கொண்டது. 1916ஆம் ஆண்டில் றொக்கபெலர் நிறுவனத்தார் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதும் மாத்தளைத் தோட்டங்களிலேதான். தொழிலாளரிற் பெரும்பாலோரிடத்து அப்புழு காணப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான லயத்து அறையொன்றில் ஒரு குடும்பம். மலசலகூடமின்மையால் மண்ணிலே புழு. புழுவினால் இரத்தச் சோகை. சோகையுற்ற தாய் விடிய முன் கொழுந்து கொய்யச் செல்ல, பிள்ளைக்காம்பராவில் விடப்படும் கைக்குழந்தை. சுவரில் மருந்து தெளித்துத் தீர்க்கத்தக்க துன்பமன்று அது. தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. ஆதலால் இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை திறந்துவைத்த வாயில், லயத்துப் பிள்ளைக்கு எட்டாத தொலைவில் நின்றது.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 780,000 பேர். தீவின் மக்களில் நூற்றுக்கு 12 பேரளவு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் நீக்கின. கேகாலைக் கிராமத்தவனுக்கு மருத்துவமனையைக் கொணர்ந்த கருவி எதுவோ அக்கருவியே தலவாக்கலையில் இல்லாதொழிந்தது. அன்றுதொட்டு இரு கோடுகள் பிரிந்து சென்றன. தீவின் சிசு மரண வீதம் ஆண்டுதோறும் இறங்கிச்செல்ல, தோட்டங்களில் அதன் இறக்கம் தளர்ந்து நின்றது. 1964ஆம் ஆண்டில் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எண்ணிப் பங்கிடப்பட்டோரிடம் எவரும் விருப்பம் கேட்டிலர்.

இப்பிரிவின் விலை 1973, 1974ஆம் ஆண்டுகளிற் புலப்பட்டது. உலகில் எண்ணெயும் தானியமும் விலையேறின. அரிசியும் மாவும் அருகின. கிராமத்தவர்க்குச் சிறிதேனும் வயலோ, பலாமரமோ, மரவள்ளிக் கொல்லையோ இருந்தது. தோட்டத் தொழிலாளிக்குக் கூலியன்றி வேறில்லை; நிலச் சீர்திருத்தக் குழப்பத்தில் வேலைநாட்களும் குறைந்தன. பட்டினியால் வாடியோர் மலையிறங்கிப் பட்டினங்களின் வீதிகளில் இரந்து திரிந்தனர். 1974ஆம் ஆண்டிலே நாட்டின் சிசு மரணம் ஆயிரத்துக்கு 51 அளவில் இருக்க, தோட்டங்களில் அஃது அதன் இரு மடங்கினும் மிக்கிருந்தது. உலக ஆராய்ச்சியாளர் இலங்கையின் சராசரியை வியந்து எழுதிய அதே பத்தாண்டில் இது நிகழ்ந்தது. சராசரி பொய் சொன்னதென்று கூறுதற்கில்லை. அதனிடம் கேட்கப்படாததை அது சொல்லவில்லை; அவ்வளவே.

பின்னர் நிலைமை ஓரளவு மாறிற்று. 1977ஆம் ஆண்டில் மலையகத் தலைவர் தொண்டமான் தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றார். தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. சுவீடன் நாட்டுதவியுடன் அவை திருத்தப்பட்டன. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றவர் பிரச்சினையைப் பெரும்பாலும் தீர்த்தன. சிசு மரணத்தில் தோட்டத்துக்கும் நாட்டுக்குமிடையே நின்ற பெரும் பள்ளம் வாக்குரிமை திரும்பிய இக்காலத்திலேதான் தூரத் தொடங்கியதென்பது கருதத்தக்கது. மலைகள் இடம்பெயரவில்லை, தேயிலையின் விலையும் திடீரென உயர்ந்துவிடவில்லை.

மலேரியாவின் பிற்கதையும் ஒரு படிப்பினைக் கதையே. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். வெற்றி கிட்டிற்றென மருந்து தெளித்தல் நிறுத்தப்பட, 1969ஆம் ஆண்டளவில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. பின் நெடும்போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கிலும் கிழக்கிலும் சுகாதார ஊழியர் பணியைக் கைவிடாது தொடர்ந்தனர். 2012ஆம் ஆண்டின் பின் உள்நாட்டிற் பரவிய மலேரியா காணப்படவில்லை. 2016ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

அதே 2016ஆம் ஆண்டில் நாடெங்கும் நடத்தப்பெற்ற குடித்தொகை சுகாதார ஆய்விலே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயரம் அளக்கப்பட்டது. வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தோர் நாட்டிலே நூற்றுக்கு 17.3 பேர். தோட்டங்களில் 31.7 பேர்.